காதுல வெச்ச மழ

ஊர்ல எல்லாரும் வேர்வ சிந்தி சம்பாரிப்பாங்க. நான் அந்த வேர்வய மறைக்கிற எண்ணெய மோந்து பாத்து சம்பாரிச்சேன். அத்தர் கடையில எனக்கு மூக்கு வேல. சிரிக்காதீங்க. உங்க சம்சாரம் புதுசா ஒரு கொழம்பு வெச்சி, தட்டுல ஊத்திட்டு, உங்க மூஞ்சியவே பாத்துக்கினு "எப்பிடி கீது?"ன்னு கேட்டிருப்பாங்க இல்ல? அந்த ஒரு நிமிசம் உங்களுக்கு எப்பிடி இருந்துச்சோ, அதான் எனக்கு கட தொறந்ததுலேருந்து சாத்துற வரைக்கும். அதனால நீங்களும் நானும் ஒரே கட்சி. கேளுங்க.

வாயால போன வேல, வாயால வந்த வேல

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சின்ன வயசுலயே ஒத்து வரல. டீக்கடையில சேந்தேன். "டீ எப்பிடிப்பா இன்னிக்கு?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. "தூளு நேத்திது, தண்ணி மட்டும் இன்னிக்கிது"ன்னு உள்ளத சொன்னேன். மொதலாளி அன்னிக்கே அனுப்பிட்டாரு. அப்பால சைக்கிள் கட. ஒரு வாத்தியார் பஞ்சர் ஒட்ட வண்டி கொண்ணாந்தாரு. "சார், பஞ்சரெல்லாம் நல்லாதான் கீது, சுத்தி ஒரு சைக்கிள் வாங்கி மாட்டுங்க"ன்னேன். அங்கயும் அதே கதி.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டாண்ட கரீம் பாய்க்கு அத்தர் கட. வெறுமனே வாங்கி விக்கிற ஆளு இல்ல அவரு. கட பின்னாடி ஒரு மேச போட்டுக்கினு, வெட்டிவேரு, தவனம், சந்தனம், வடக்கேருந்து வர்ற மண்ணு அத்தருன்னு சொட்டு சொட்டா கலந்து தானா புதுசு புதுசா எதுனா பண்ணுவாரு. ஒரு நாளு வழியில போய்க்கினு இருந்த என்ன கூப்ட்டு, கையில ஒண்ண தடவி, "எப்பிடி கீது, சொல்லு"ன்னாரு. "மல்லி பாய். ஆனா கல்யாண மல்லி இல்ல. சாவு வூட்டு மால, மறுநாளு குப்பையில கெடக்குமே, அந்த மல்லி"ன்னேன். ஒதைக்கப் போறாருன்னு ஒரு கால பின்னாடி வெச்சிக்கினேன். மனுசன் ஸ்டூல இழுத்துப் போட்டு என்ன குந்த வெச்சி சொன்னாரு:

"எல்லாரும் நல்லாகீது, நல்லாகீதுன்னு சொல்லிட்டு வாங்காம போறான். நாளையிலேருந்து நீ வந்து திட்டு."

மச்சான் வெச்ச கெடு

அந்த வருசம் பாய் மழக்காலத்துக்குன்னே மூணு எண்ண கலக்குனாரு. ஒண்ணு தீபாவளி, ஒண்ணு கார்த்திகை, ஒண்ணு ஐப்பசி மழ. ரோஜா, மல்லின்னு பூவ புடிச்சி பாட்டில்ல அடைக்கிறவங்கள பாத்திருக்கேன். மாசத்த புடிச்சி அடைச்சவரு இவருதான்.

பாயோட மச்சான் ஒருத்தர் காஞ்சிபுரத்துல கீறாரு. புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில் வியாபாரம். பாய் கடையில பாதி பங்கு அவருது. வந்தாரு, மேசய பாத்தாரு, "இந்த மழக்காலம் முடியறதுக்குள்ள இதுல ஒண்ணாவது ஜனங்க தேடி வந்து கேக்கணும். இல்லன்னா மேசய தூக்கிட்டு அங்க ஸ்ப்ரே அடுக்குவேன்"னு சொல்லிட்டாரு. பாய் மூஞ்சி செத்துப் போச்சு. ஊர் பூரா என் வாய்க்கு பயந்து வேல குடுக்காதப்ப, அந்த வாய்க்கே சம்பளம் குடுத்த கட இது ஒண்ணுதான். "மச்சான், அப்ப நானு?"ன்னேன். அவரு என்ன திரும்பிக்கூட பாக்கல.

"ஸ்ப்ரேல இன்னா வாசம்னு டப்பா மேலயே போட்டு வரும். மூக்கு எதுக்கு?"

ரெண்டு காதும் ரெண்டு கட

அத்தரு வெக்கிறவங்களுக்குத் தெரியும். பஞ்ச உருட்டி, எண்ணெயில தோச்சி, காது மடல்ல சொருகிக்கணும். எனக்கு வலது காதுல ஒண்ணு, இடது காதுல ஒண்ணு. அப்பிடியே சந்த, பஸ்ஸு, கல்யாண வூடுன்னு சுத்தி, யாரு மூஞ்சி மலருது, யாரு சுளிக்கிறான்னு பாத்துட்டு வந்து பாய்கிட்ட சொல்லணும்.

வெள்ளிக்கிழம தொழுகை முடிச்சிட்டு பெரியவரு ஒருத்தரு கடைக்கு வந்தாரு. அத்தருல அவரு சொன்னா சொன்னதுதான். பாய் என்ன அவரு முன்னாடி நிக்க வெச்சாரு. பெரியவரு கண்ண மூடி வலது காத மோந்தாரு. மெதுவா சுத்தி வந்து இடது காத மோந்தாரு. மறுபடியும் வலது. பாய் கல்லாவ வுட்டு எழுந்து நின்னுட்டாரு. பெரியவரு கண்ண தொறந்து, என் தோள தட்டுனாரு.

"எண்ண ரெண்டும் அருமை. தம்பி, நீ காத மட்டும் கழுவிக்கினு வா."

எரிஞ்ச ஒயரு

கார்த்திகை எண்ணெயில பாய் புடிச்சது வெளக்கு எரியுற வாசம் இல்ல. அகல் வெளக்க வாயால ஊதி அணைச்ச ஒடனே திரியிலேருந்து ஒரு பொக வருமே, அந்த வாசம். மோந்தா கண்ணுல வெளக்கு வரிச தெரியும், அவ்ளோ சுத்தம். அத காதுல வெச்சிக்கினு டவுன் பஸ்ல ஏறுனேன்.

கொஞ்ச தூரம் போனதும் முன் சீட்டு அம்மா மூக்க உறிஞ்சிச்சு. பக்கத்துல ஒருத்தர் குனிஞ்சி சீட்டுக்கு அடியில பாத்தாரு. "ஏங்க, எதுவோ கருகுது"ன்னு ஒரு கொரலு. அவ்ளோதான். டிரைவர் பிரேக் போட்டாரு, ஜனங்க கோழி கூடையோட, கொழந்தையோட எறங்கி ரோட்ல நின்னாங்க. டிரைவர் பானெட்ட தொறந்து தலைய வுட்டு தேடுறாரு. கண்டக்டரு வாசம் புடிச்சிக்கினே வந்து, வந்து, என் காதுல வந்து நின்னாரு. பஞ்ச ரெண்டு வெரல்ல புடுங்கி பாத்தாரு. என்னயும் பாத்தாரு.

"ஒயரு எரிஞ்சா மண்ணு போட்டு அணைப்பேன். உன்ன இன்னா போட்டுய்யா அணைக்கிறது?"

எண்ண தேச்சி வுட்டவ

தீபாவளி எண்ண இன்னும் மோசம். நல்லெண்ண, சீக்கா, வெந்நீரு ஆவி, தூரத்துல பட்டாசு மருந்து, எல்லாம் அப்பிடியே கீது. சாயங்காலம் அந்த வாசத்தோட வூட்டுக்குப் போனேன். என் சம்சாரம் செல்வி சோத்துப் பானய எறக்கிக்கினு இருந்தது, எறக்காமயே நின்னுடுச்சு.

நாம இன்னா நெனைப்போம்? செண்ட்டு வாசம்னு சந்தேகப்படுவா, அத்தர் கட வேலன்னு சொல்லி சமாளிச்சிடலாம்னுதான? அதெல்லாம் அவளுக்கு பழகிப் போச்சு. ரோஜா வாசத்தோட போயிருக்கேன், தாழம்பூவோட போயிருக்கேன், ஒரு வார்த்த கேட்டதில்ல. அன்னிக்கு கரண்டிய எடுத்துட்டா.

"பூ வாசம்னா கட வாசம்னு வுட்ருவேன். சீக்கா வாசத்தோட வந்து நிக்கிறியே, எண்ண தேச்சி குளிப்பாட்டி வுட்டது எவய்யா?"

பட்டம்மாக்கா நெல்லு

மிச்சம் இருந்தது ஐப்பசி மழ ஒண்ணுதான். காஞ்ச ஏரி மண்ணுல மொத தூறல் வுழும்போது வருமே, நெஞ்சு வரைக்கும் எறங்குற வாசம். அதுல கொஞ்சம் ஈர வைக்கோலு, கொஞ்சம் எரும முதுகு. எரும வாசத்துக்கு பாய் இன்னா போட்டாருன்னு இன்னி வரைக்கும் சொல்லல. ரெண்டு காதுலயும் அதையே வெச்சிக்கினு, புரட்டாசி வெயில்ல, காவாந்தண்டலம் பக்கம் சைக்கிள வுட்டேன்.

ரோடு நெடுக நெல்லு காயப் போட்டிருந்தாங்க. பட்டம்மாக்கா பொடவய வரிஞ்சி கட்டிக்கினு பலகையால நெல்லு தள்ளிக்கினு இருந்துச்சு. நான் காத்து வர்ற பக்கம் சைக்கிள நிறுத்தி, பீடி பத்த வெச்சேன். அக்கா மூக்கு நிமிந்துச்சு. அடுத்து அது போட்ட சத்தம் இருக்கே! "அய்யோ மய வருது, நெல்ல வாருங்கடீ!" கழனியில இருந்தவங்க, வூட்ல தூங்கினு இருந்தவங்க, எல்லாரும் கோணி தூக்கிக்கினு ஓடி வந்தாங்க. நானும் பாவம்னு ஒரு கூட தூக்கி வுட்டேன். நான் கிட்டப் போகப் போக ஜனங்க இன்னும் வேகமா வார்றாங்க. முழு நெல்லும் கோணிக்குள்ள போன அப்பறம்தான் ஒரு ஆளு அண்ணாந்து பாத்தான். வெயிலு பல்ல காட்டிக்கினு நிக்குது. அக்கா மெதுவா என் காதாண்ட வந்து மோந்துச்சு. நெல்லு தள்ற பலகைய கையில எடுத்துச்சு.

"மேல மேகம் இல்ல, கீய ஈரம் இல்ல. நடுவுல நிக்கிற நீதான்டா மய? எல்லாத்தயும் கொட்டிப் பரப்பிட்டு அப்பால வூட்டுக்குப் போ."

ஷட்டரு

வெயில்ல நெல்லு பரப்பி முதுகு ஒடிஞ்சி வந்து பாய்கிட்ட சொன்னேன். மனுசன் கண்ணு கலங்கிட்டாரு. "ஒரு விவசாயிய ஏமாத்தியிருக்கு என் எண்ண"ன்னு சொல்லி, மேசயில இருந்த காலி குப்பியிலெல்லாம் அதையே நெரப்பிட்டாரு. ஒருத்தனும் வாங்கல. "ஐப்பசில வானத்துலேருந்து சும்மா கொட்டப் போவுது, அத துட்டு குடுத்து வாங்கணுமா?"ன்னு கேட்டாங்க.

ஐப்பசி வந்துச்சு. மழ வரல. தீபாவளிக்கு பட்டாசு மருந்துதான் வுழுந்துச்சு, ஒரு சொட்டு தண்ணி வுழல. ஏரி வெடிச்சிப் போச்சு, நாத்து மஞ்சளாயிடுச்சு, ஜனங்க வானத்த பாத்து பாத்து கழுத்து வலி வந்து தைலம் வாங்கினாங்க. அப்ப ஒரு நாளு பட்டம்மாக்கா கட வாசப்படியில. நான் மேசைக்கு பின்னாடி பூந்துட்டேன். "வெளிய வாடா, அடிக்க வரல"ன்னுச்சு. கொரலு எறங்கிப் போயிருந்துச்சு. "அந்த மய எண்ண கீதா? நாத்தாண்ட தெளிச்சி வுடறேன். மோந்துக்கினு இன்னும் கொஞ்ச நாளு தாங்கட்டும்." கிண்டல் பண்ண வாய தொறந்தேன், அக்கா மூஞ்ச பாத்துட்டு மூடிக்கினேன். பாய் ஒரு குப்பி எடுத்துக் குடுத்தாரு. "மய வந்துட்டா திருப்பி எடுத்துக்குவியா பாய்?"ன்னு கேட்டுச்சு. "கொண்ணாம்மா, வேற மாத்தித் தரேன்"னாரு.

சேதி பரவிடுச்சு. குப்பி பூரா ரெண்டு சந்தையில காலி. டவுன் பஸ்ல ஏறுனா ஆம்பள காதுல எல்லாம் பஞ்சு, பொம்பளைங்க முந்தானையில எல்லாம் அதே வாசம். வெளிய புழுதி பறக்குது, உள்ள அடமழ. என் காதுல பஞ்ச புடுங்குன அதே கண்டக்டரு படியில நின்னு மூச்ச இழுத்து வுட்டாரு.

"ஜன்னலாண்ட இருக்கிறவங்க ஷட்டர எறக்குங்க சாமி, சாரல் அடிக்குது."

மாத்திக் குடு

கார்த்திகைல நெசமாவே புடிச்சிச்சு பாருங்க. ஏரி ரொம்பி வழியுது, பாலாத்துல தண்ணி, ரோட்ல தண்ணி, பாய் கடையில ரெண்டாவது படி வரைக்கும் தண்ணி. ஜனங்க சந்தோசமா குப்பிய தூக்கிக்கினு வந்துட்டாங்க. "மழ வந்துடுச்சு பாய், இந்தா, மாத்திக் குடு." மாத்திக் குடுக்க இன்னா கீது? சீக்காவும், கருகுன திரியும். அத மோந்துட்டு எல்லாரும் மொறைக்கிறாங்க.

மச்சான் சரியா அன்னிக்குதான், கெடு இன்னா ஆச்சுன்னு பாக்க, ஸ்ப்ரே பெட்டிய வேன்ல ஏத்திக்கினு வந்தாரு. வித்தது பூரா திரும்பி நிக்கிறத பாத்தாரு. "இதுக்கு பேரு வியாபாரமா?"ன்னு கேட்டு, கூட வந்த ரெண்டு ஆளுங்கள மேசய தூக்கச் சொன்னாரு. பாய் குப்பிங்கள ஒண்ணொண்ணா எடுத்து கீழ வெச்சாரு. நான் ஸ்டூல எடுத்து கக்கத்துல வெச்சிக்கினேன். அது என்னுது மாரி ஆயிடுச்சு இல்ல.

மேச வாசப்படிக்கு வந்தப்ப எதுர்ல பட்டம்மாக்கா. கோணிய தலையில கவுத்துக்கினு, முட்டி வரைக்கும் சேறு. வழி வுடாம மேச மேலயே குப்பிய டக்குனு வெச்சிச்சு. "சீக்கா வேணுமாக்கா, கருகுன திரி வேணுமா?"ன்னேன்.

"அதெல்லாம் யாருக்குடா வேணும்? மய போதும், பேஜாரா கீது. பயிரு முழுவுது, துணி காயல, அடுப்புல வெறவு அழுவுது. வெயிலு கீதா பாரு, வெயிலு."

பின்னாடி வரிசையில ஒரு கொரலு "எனக்கும் அதான்"னுச்சு. இன்னொண்ணு "எங்க வூட்டுக்கு ஒண்ணு"ன்னுச்சு. வரிச பூரா வெயிலு கேக்குது. மச்சான் வாசல்ல நிக்கிற தலைங்கள பாத்தாரு, வேன்ல நனைஞ்சிக்கினு இருக்கிற ஸ்ப்ரே பெட்டிய பாத்தாரு. அத ஒரு ஆளும் கேக்கல. "மேசய உள்ள வைங்கடா"ன்னு மொனகுனாரு. பாய் அதுக்குள்ள வெறும் குப்பிய தேட ஆரம்பிச்சிட்டாரு. நான் ஸ்டூல போட்டு குந்திட்டேன். "அக்கா, பண்ணிடலாம்"னு தைரியமா சொன்னேன். அக்கா கோணிய சரி பண்ணிக்கினு படி எறங்குச்சு, பாதியில நின்னு திரும்பிச்சு.

"போன தபா மாரி ஏமாத்தாத. அந்த எண்ணெயில பொடவ காயலன்னா திருப்பி கொண்ணாந்துடுவேன், ஆமா."

மூக்கு வெச்சி பொழைக்கிறவன் நெலம இவ்ளோதாங்க: மழக்காலத்துல வெயில மோக்கணும், வெயில் காலத்துல மழய மோக்கணும், வூட்டுக்குப் போனா கொழம்ப மட்டும் மோக்காமயே "நல்லாகீது"ன்னு சொல்லிடணும்.