வெனிஸில் அம்மா படகேறினாள்

வெனிஸில் எல்லோரும் தண்ணீரைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நானும் அம்மாவும் பிளக்கவில்லை. திருவொற்றியூரில் எங்கள் மீனவர் குப்பத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள்ளேயே வரும். அதைப் படம் பிடிக்க எந்த நாட்டுக்காரனும் டிக்கெட் எடுத்து வந்ததில்லை. அலுவலக வேலையாக இத்தாலி போனவள் நான். பிடிவாதம் பிடித்து அம்மாவையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன்.

பாலம், தேவாலயம், மறுபடி பாலம். அம்மா சளைக்காமல் நடந்தாள். கால்வாய்க் கரையில் நீளமான கறுப்புப் படகு ஒன்றில் எங்கள் முறை வந்தது. படகுக்காரன் கை நீட்டினான். அம்மா ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. அதை மறந்தே போயிருந்தேன். எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் கடல் கோபித்துக்கொள்ளுமாம். அப்பா பிடித்து வந்த மீனை முப்பது வருஷம் தலையில் சுமந்து விற்றவள், அவருடைய படகில் ஒரு நாளும் ஏறியதில்லை. போதாக்குறைக்கு அன்றைக்கு அண்ணன் கடலுக்குப் போயிருந்தான்.

"ஒங்க நைனாவ ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றாள்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா பதறிவிட்டார். "வாணாம்மே. புள்ள கடல்ல கீறான். கரையிலயே குந்திகினு பாரு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"யோவ், மீன் நாத்தம் எனுக்கு, ராசி மட்டும் ஒனக்கா? நான் மீன் வித்து நீங்கள்லாம் துன்னப்ப கடலுக்குக் கோவம் வர்ல. நான் ஏறினா வந்துருமா? ஏறத்தான் போறேன். போன வையி."

தைரியம் என்று சொல்லமாட்டேன். பயத்தோடேயே ஏறினாள். இரண்டு பக்கமும் அரண்மனைகள் நகர்ந்தன. அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. படகின் விளிம்பை இறுகப் பிடித்தபடி துடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாலம் தாண்டியதும் படகுக்காரன் குனிந்து பார்க்கும்படி சத்தமாகக் கேட்டாள்:

"இவ்ளோதானா? இதுக்கா எங்கள இத்தினி வருசமா ஏத்தல?"

அண்ணன் கரை சேர்ந்துவிட்டான் என்று மறுநாள் போன் வரும்வரை அவள் சாப்பிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, அப்பா மணலில் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா நேராக அவரிடம் போனாள். சீட்டாடிக்கொண்டிருந்த ஆண்கள் கையை நிறுத்தினார்கள். அவள் விளிம்பில் கை வைத்துக் காலைத் தூக்கினாள். யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"செருப்ப கயட்டிட்டு ஏறுமே" என்றார். படகேற வரும் எந்த ஆம்பளையிடமும் அவர் சொல்வது அதுதான்.