ஜிம்மி கொடுத்த குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இருபத்தெட்டு வருஷம் ரவாங் தொழிற்சாலையில் வேலை பார்த்து, தினமும் ராத்திரியில் தோட்டத்துப் பாதையில் தனியாக மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பியவன், ஒரு நிழலைக்கூடப் பார்த்ததில்லை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நாய் ஜிம்மிக்கு அப்போது வயது பதிமூன்று. பின்னங்கால் தள்ளாட ஆரம்பித்துவிட்டது, சாப்பாடு இறங்கவில்லை, ஆறு மாதமாகக் குரைப்பதையும் விட்டுவிட்டான். "இதுக்கு மேல கஷ்டப்படுத்தாதீங்க, வியாழக்கிழமை கொண்டு வாங்க, ஊசி போட்டுடலாம்" என்றார் நாய் டாக்டர்.

அந்த வியாழக்கிழமை விடியற்காலையில் கடைசியாக ஒரு நடை கூட்டிப்போனேன். கெர்லிங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை, பக்கத்தில் ஓடை, எதிரே பனி மூடிய மலை. அந்த நேரத்தில் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். பாதி தூரம் அவன் நடந்தான், மீதி தூரம் நான் தூக்கிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

பாதை முடிகிற இடம் பழைய பெரட்டுக் களம். அந்தக் காலத்தில் வேலைக்குப் போகும் முன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, வேலை வாங்குகிற மண்டோர் பேர் கூப்பிடுவாரே, அந்த இடம். சின்ன வயதில் அப்பாவோடு நானும் அங்கே போய் நின்றிருக்கிறேன். யாராவது தூங்கிப்போனால் கூட்டாளி அவனுக்காகக் குரல் கொடுத்துவிடுவான், இருட்டில் மண்டோருக்குத் தெரியாது. இப்போது ஆட்கள் குடியிருந்த லயமும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் புல்தான்.

அங்கே உட்கார்ந்து ஜிம்மிக்கு பிஸ்கட்டைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, பனிக்குள்ளிருந்து யாரோ பேர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நம்பினால் நம்புங்கள், ஒவ்வொரு பேராக, நிதானமாக, அலுத்துப்போன குரலில். யாரோ போனில் பேசுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு "மாணிக்கம்" என்றது. அது என் பேர். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "மாணிக்கம்."

"வந்தேன்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் ஜிம்மி எழுந்து நின்று ஒரே ஒரு தடவை குரைத்தான். குரல் அடுத்த பேருக்குப் போய்விட்டது.

அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி சாந்தி தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். நடந்ததைக் கேட்டுவிட்டு, "என்னங்க, நீங்க பதில் சொல்லலதானே?" என்றாள்.

"இல்ல. இவன்தான் குரைச்சான்."

"அப்ப உங்க பேருக்கு இவன்தான் குரல் கொடுத்திருக்கான். டாக்டருக்குப் போன் போட்டு வரலன்னு சொல்லுங்க லா."

அதற்குள் ஜிம்மி முந்தின நாள் சோற்றைத் தட்டு பளபளக்க நக்கிக்கொண்டிருந்தான்.

இது போன வருஷம். இப்போது கொழுத்துப்போய், சந்தையிலிருந்து வருகிற மீன் தலையைத் திருடித் தின்கிறான். சாயங்காலம் மூன்று பேரும் ஓடைவரை நடக்கிறோம். வீட்டில் இவ்வளவு சந்தோஷம் இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

ஒன்றே ஒன்றுதான். தினமும் விடியும் முன்னே ஜிம்மி வாசல் கேட் அருகில் போய் நின்று, தோட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறான். எனக்கு எந்தச் சத்தமும் கேட்பதில்லை. அவனுக்கு இப்போது பதினான்கு வயது. நான் அவனுக்கு முன்னாலேயே விழித்துவிடுகிறேன். அந்தக் குரைப்பு வரும்வரை வாயைத் திறப்பதில்லை.