“ரெண்டு” என்றார் அப்பா

காலை ஆறு பத்து. கண் விழித்ததும் நான் முதலில் பார்த்தது அப்பாவின் கைகளை. கட்டில் விளிம்பில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி, தோள்களைக் காதுவரை தூக்கி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போய் வந்தது. உதடுகளில் நாவற்பழம் தின்றவரின் நிறம். ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் போகவில்லை. ட்யூப் மூக்கில் சரியாக இருந்தது. எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பயம் வந்தது. சரிசெய்ய எதுவும் மிச்சமில்லை.

ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில், எங்கள் லைன் வீடு வரிசையின் நடுவில் இருக்கிறது. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். போன மழைக்காலத்தில் இடப்பக்கத்து வீட்டுக்காரர் இறந்தார். அவரும் அப்பாவைப்போல் சுரங்கத்தில் பாறையைத் துளை போட்டவர்தான். அதே கல்தூசி, அதே நுரையீரல். ஒரு பகல் முழுக்க அவர் மூச்சுக்குத் தவித்ததைச் சுவர் வழியாகக் கேட்டோம். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். கொஞ்ச நேரத்தில் அணைத்துவிட்டார். சாயங்காலம் அந்தச் சத்தம் நின்றபோது அப்பாதான் முதலில் எழுந்து செருப்பைத் தேடினார்.

அதற்குப் பிறகு எனக்கு இருந்தது ஒரே பயம். அப்பா போவார் என்பது தெரியும். தூசி படிந்த நுரையீரலில் கட்டியும் வந்துவிட்டது, இனி வைத்தியம் இல்லை என்று பெங்களூர் டாக்டர் சொல்லிவிட்டார். போவது அப்படி இருக்கக்கூடாது.

அந்த டாக்டர்தான் இங்கே இருக்கும் ஒரு நோய்த் தணிப்பு மையத்தைப் பற்றிச் சொன்னார். தீராத நோய்க்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் இடம். சில படுக்கைகள் உண்டு. மற்றவர்களுக்கு வேனில் வீட்டுக்கே வருவார்கள். எங்கள் லைனில் அதைக் ‘கடைசி ஆஸ்பத்திரி’ என்பார்கள். வேன் யார் வீட்டு முன்னால் நின்றாலும் மற்றவர்கள் வாசலில் இருந்து உள்ளே போய்விடுவார்கள். முதல் தடவை அது எங்கள் வீட்டு முன்னால் நின்றபோது எதிர்வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வந்த நர்ஸ் பூதிகோட்டைக்காரர். வீட்டில் தெலுங்கு, வேலையில் கன்னடம், எங்களிடம் தமிழ். காலைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். அப்பாவின் முதுகைத் தடவிப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார், புண் இருக்கிறதா என்று. பிறகு மூச்சுக் கஷ்டம் ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டார்.

“ரெண்டு, சிஸ்டர்” என்றார் அப்பா.

முகத்தில் சிரிப்பு. நிமிர்ந்த முதுகு. இருமலே இல்லை. நர்ஸ் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபோதும் இல்லை. நர்ஸ் ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு இரண்டுக்கு உரிய மருந்தைக் கொடுத்துவிட்டுப் பேத்தமங்களா பக்கம் இன்னொரு நோயாளியைப் பார்க்கக் கிளம்பினார். வேன் முனை திரும்புவதற்குள் அப்பா கட்டிலைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. அடுத்த வருகையிலும் அப்படியே நடந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அப்பா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகவே அந்த ஆறு பத்துக்கு நான் கண்டதை அவர்கள் யாரும் கண்டதில்லை. அன்றே மையத்துக்குப் போனேன். குறை சொல்லத்தான் போனேன். பத்திரிகை ஆபீசில் பல வருடம் இருந்ததால், எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் சுவரில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு மூலைகளைப் பார்ப்பது பழக்கம். மூத்திர வாடை இல்லை. எல்லாக் கட்டிலிலும் தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நோயாளிகளின் நகங்கள் வெட்டப்பட்டிருந்தன. ஒரு கிழவரைப் புரட்டிப் படுக்கவைத்தவர், “இப்ப தோளைத் தொடறேன், இப்ப இடுப்பு” என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் தொட்டார். குறை சொல்ல எதுவும் கிடைக்காததால் பயம் இன்னும் கூடியது. இவர்கள் ஒழுங்கானவர்கள் என்றால், இந்தக் கவனிப்பு அப்பாவுக்கு ஏன் எட்டவில்லை?

நர்ஸ் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். இரண்டு என்று அவர் சொல்லும்போது தனக்கும் நம்பிக்கை வருவதில்லை, ஆனால் மூச்சுத் திணறலை அளக்கும் கருவி நோயாளியின் வாய்தான் என்றார். “அவர் ஏன் மறைக்கறார்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தவர் இரண்டு வரிசை தள்ளி இருந்தார். அப்பாவோடு ஒரே ஷிஃப்ட்டில், ஆட்களை ஏற்றி இறக்கும் ஒரே கேஜில், சுரங்கத்துக்குள் இறங்கியவர். நான் மாமா என்று கூப்பிடுபவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கிய பிறகு சொன்னார். அந்தக் காலத்தில் கம்பெனி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து மார்பைப் பரிசோதிப்பார்கள். மூச்சில் குறை தெரிந்தால் ‘அன்ஃபிட்’. அதோடு கீழே இறங்க முடியாது. மேலே கூலி குறைவு. வேலையே போனால் லைன் வீடும் போகும். அதனால் பரிசோதனைக்கு முந்தின நாளே வெந்நீர் குடித்துக் குடித்துச் சளியை இறக்குவார்கள். வரிசையில் நிற்கும்போது யாரும் பேசமாட்டார்கள். டாக்டரிடம் சின்னச் சின்ன வார்த்தையாகப் பதில் சொல்வார்கள். சிரித்துக்கொண்டே நிற்பார்கள். அதில் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லையாம்.

அடுத்து வேன் வந்த நாளில் மாமாவும் வந்து மோடாவில் உட்கார்ந்துகொண்டார். நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

“ரெண்டு” என்றார் அப்பா.

“ரெண்டாம்” என்றார் மாமா. “டேய், எக்ஸ்ரே ரூமு வாசல்ல நின்னுக்கினு கீறியா இன்னா?”

அப்பா அவர் பக்கம் திரும்பவில்லை.

“மைனையே மூடிட்டு பூட்டானுங்க. உன்ன அன்ஃபிட் போட்டு மேல ஏத்த கேஜ் எங்கடா கீது? இந்த அம்மா கேக்கறது உன்ன வேலைய விட்டுத் தூக்கறதுக்கு இல்ல.”

அப்பா கோபப்பட்டு இவர்களை வராதீர்கள் என்று சொல்லிவிட்டால், மிச்சம் இருப்பது நானும் அந்தச் சுவரும்தான்.

அப்பா நர்ஸைப் பார்த்துக் கேட்டார்.

“பத்துன்னு சொன்னா தூக்கினு பூடுவீங்களா?”

“எங்க, தாத்தா?”

“உங்க வார்டுக்கு.”

“நீங்க வரேன்னு சொன்னாதான் கூட்டினு போவோம்” என்றார் நர்ஸ். “இல்லன்னா நாங்கதான் இங்க வருவோம்.”

அப்பா தோள்களை விட்டார். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதுவரை பிடித்து வைத்திருந்த இருமல் மொத்தமும் வந்தது. முதுகு வளைந்து, தலை முழங்காலைத் தொட்டது. டிரைவர்கூட வேனிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்துவிட்டார். இருமலுக்கு நடுவில் அப்பா விரல்களை விரித்துக் காட்டினார். ஒரு கையில் ஐந்து, மறுகையில் நான்கு.

நர்ஸ் மையத்து டாக்டரிடம் போனில் பேசினார். பிறகு ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்தார். மார்ஃபின். அது கொடுத்தால் ஆள் தூக்கத்திலேயே போய்விடுவார் என்றுதான் லைனில் எல்லோரும் சொல்வார்கள். நர்ஸை வெளியே அழைத்துக் கேட்டேன். இது சின்ன அளவு, மூச்சை நிறுத்தாது, மூச்சு முட்டுகிற பயத்தைத் தணிக்கும் என்றார். எத்தனை மணிக்கொரு தரம், எப்போது கொடுக்கக்கூடாது, என்ன ஆனால் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் என் வாயால் திரும்பச் சொல்லவைத்தார். “நீங்க பயப்படாதீங்க” என்று அவர் சொல்லவில்லை. மருந்து வேலை செய்யும்வரை இருக்கிறேன் என்று சொல்லி, பேத்தமங்களாவுக்குப் போன் செய்து தாமதமாகும் என்று தெரிவித்துவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

நான் அப்பாவின் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இருந்த இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் முகத்தைப் பார்த்தேன். அவர் அப்பாவின் கழுத்துக்குழியைக் காட்டினார். அது உள்ளே போகவில்லை. அப்பா மெல்ல ஒருக்களித்துப் படுத்தார். அவர் படுத்துப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

“ஃபிட்டு” என்று சொல்லிவிட்டு மாமா எழுந்து போனார்.

பயம் போய்விடவில்லை. ஒவ்வொரு வேளையும் பாதி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினேன். கரண்ட் போனபோதெல்லாம் ஓடிப்போய் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தேன். தூங்கும் அப்பாவின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தேன். காற்று அடித்து, சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுப் புழுதி வந்த நாட்களில் ஈரத்துணியை ஜன்னலில் கட்டினேன். வேன் சொன்ன நாளில் வந்தது. கேட்டபோதெல்லாம் அப்பா உள்ளதைச் சொன்னார். ஏழு என்றார், நான்கு என்றார், ஒருநாள் எட்டு என்றார். மாத்திரை பாதியிலிருந்து ஒன்றானது. கடைசி வாரத்தில் நர்ஸ் தினமும் வந்தார்.

அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்தார். வலப்பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்து வீட்டம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொன்ன பிறகுதான் இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் தெரிந்தது.