மாமனார் வீட்டுக்கு வாங்கிய செம்பிலாங்

எண்பதுகளில், கல்யாணமான புதிதில், ஜெராம் பக்கத்துத் தோட்டத்திலிருந்த மாமனார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று வழியில் சுங்கை செம்பிலாங் என்ற மீனவர் ஊரில் இறங்கி மீன் வாங்கினேன். ஊருக்குப் பெயர் கொடுத்த அதே செம்பிலாங், மீசை வைத்த கெளுத்தி. முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக இருக்கும் நஞ்சு முட்களை உடைத்துவிட்டுத்தான் விற்பார்கள். மீன் முழுசாகப் போனால்தான் மாப்பிள்ளைக்குக் கௌரவம் என்று நான் மீனவரைத் தடுத்துவிட்டேன்.

சமையலறையில் மீனைப் பையிலிருந்து எடுத்துக் காட்டியதும் நானேதான். செம்பிலாங் யாரையும் துரத்திக் கடிப்பதில்லை. முள் குத்தும்போது அதன் மேல்தோல் கிழிந்து, நஞ்சு காயத்தில் இறங்கிவிடும். அதற்கு மீன் உயிரோடு இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. என்னைக் குத்தியது காலையிலேயே செத்துப்போன மீன்.

வலி தோள்வரை ஏறியது. மாமியார் ஓடிவந்து என் கையைச் சுடுதண்ணீரில் முக்கவைத்தார். சூட்டில் நஞ்சு அடங்கி வலி மெல்ல இறங்கியது. கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வேலை பார்த்த மாமனார் வாசற்படியில் நின்று என்னையே பார்த்தார். புது மாப்பிள்ளை மீன் குத்தி அழுதான் என்பது சாயங்காலத்துக்குள் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கப் பரவிவிடும்.

“தண்ணிதான் ரொம்பச் சூடு,” என்றேன்.

“முன்னாடியே சொல்லலாம்லா,” என்று மனைவி ஒரு சொம்பு பச்சைத்தண்ணீரை அதில் ஊற்றினாள்.

போன வலி அப்படியே திரும்பி வந்தது.

“என்னா மாப்ள, இப்ப பரவால்லையா?” என்றார் மாமனார்.

“சுடுதண்ணிய ஊத்தச் சொல்லுங்க மாமா,” என்றேன், வாய்விட்டு அழுதபடி.