நின்றால்தான் வரும் இங்கிலீஷ்

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: யார் தப்பாகப் பேசினாலும் பழி வாத்தியார் தலையில்தான் விழும். நாலு பேர் முன்னால் அந்தப் பாஷையைப் பேச வாயைத் திறந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஆகவே நாம் எல்லோரும் ஒரே கட்சி.

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவின் ஈப்போ நகரில், காதர் பாய் சாப்பாட்டுக் கடையின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பெரியவர்களுக்கு வகுப்பு நடத்தினேன். வந்தவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தை விட்டு டவுன் வேலைக்கு வந்தவர்கள். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. பகலிலேயே கனவு காண்கிற வயது.

மாடிக்கு வராதவர்கள்

முதல் நாள் நேரமாகியும் மாடியில் ஒருவரும் இல்லை. எட்டிப் பார்த்தேன். கீழே அஞ்சடியில், கடை வாசலை ஒட்டிய நடைபாதையில், எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். தோட்டத்தில் விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பதைப் பெரட்டு என்பார்கள். அந்தப் பெரட்டில் நிற்கிற அதே நிற்பு. பேர் கூப்பிடாமல் நகர மாட்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. விஷயம் புரிந்ததும் மாடியிலிருந்தே ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன், ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள்.

பெஞ்சில் உட்காரவைத்தேன். உட்கார்ந்ததும் ஒருவர் வாயிலும் இங்கிலீஷ் வரவில்லை. கெஞ்சிப் பார்த்தேன், கோபித்தும் பார்த்தேன். கடைசியில் லாரி ஓட்டும் முனியாண்டி அண்ணன்தான் எழுந்து வழி சொன்னார். “சார், தொரை பாஷைய ஒக்காந்துகிட்டுப் பேசி எங்களுக்குப் பழக்கமில்ல லா. நின்னுக்கிட்டே பேசுறோமே.”

மரங்களுக்கு அப்புறம்

அன்றிலிருந்து அதுவே வகுப்பின் சட்டம் ஆகிவிட்டது. இங்கிலீஷ் பேசுகிறவர் நிற்க வேண்டும். தமிழில் சந்தேகம் கேட்கிறவர் உட்காரலாம்.

நிற்க வைத்தாலும் வேறொரு வில்லங்கம் இருந்தது. பன்மைக்கு ஒரு ‘ஸ்’ போட்டவுடன் வேலை முடிந்ததென்று எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் இன், ஆஃப், வித், அண்ட் என்று ஒரு சின்னச் சொல் வந்து, அடுத்த சொல்லைக் கைப்பிடித்துக் கூட்டிவர வேண்டும். அதற்காகவே ஒரு ராகம் கட்டினேன். ட்ரீஸ் இன், ட்ரீஸ் ஆஃப், ட்ரீஸ் வித், ட்ரீஸ் அண்ட். சாயங்கால மழை தகரக் கூரையில் இறங்கும். ஜன்னலுக்கு வெளியே சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். எல்லோரும் பாதித் தூக்கத்தில் இழுத்து இழுத்துச் சொல்லுவார்கள். எனக்கே அது இங்கிலீஷா, தாலாட்டா என்று மறந்துவிடும்.

அப்படி ஒரு நாள் முனியாண்டி அண்ணன் “ட்ரீஸ் அண்ட்” என்றவர், மழையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். “அண்ட், அப்புறம் என்னண்ணே?” என்றேன். “அப்புறமும் மரந்தான் சார். பால்மரக் காட்டுல வேற என்ன இருக்கு?”

கீழே கேட்ட பாடம்

வகுப்புக்கு வந்தவர்களில் கமலம், பக்கத்து ஊரான லகாட்டிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட இரண்டொரு வயது சின்னவள், ஜவுளிக்கடையில் வேலை. அப்பா அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். அவளுக்கு இங்கிலாந்துக்குப் போய் நர்ஸ் படிப்புப் படிக்க வேண்டும். அதற்குக் கோலாலம்பூரில் வெள்ளைக்காரிகள் முன்னால் நேர்முகத் தேர்வு. அதில் தேறாவிட்டால் ஜவுளிக்கடைதான், வருகிற மாப்பிள்ளைதான் என்று வீட்டில் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. சுற்றி வளைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது. தேறினால் கப்பலோ விமானமோ ஏறிவிடுவாள், தேறாவிட்டால் வேறு எவன் வீட்டுக்கோ போய்விடுவாள். இரண்டிலும் எனக்கு இடமில்லை. ஆனாலும் அவள் ஆசைப்பட்டது கிடைக்கட்டும் என்று விழுந்து விழுந்து சொல்லிக்கொடுத்தேன். “பேஷண்ட்ஸ் இன்”, “பேஷண்ட்ஸ் வித்” என்று அவள் சொல்லும்போது, அவள் குரலுக்காகவே இன்னொரு தடவை சொல்லச் சொல்வேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து கீழே இறங்கியபோது காதர் பாய் தேநீரை நீட்டினார். “தம்பி, எல்லாருக்கும் ஒரு வாட்டி சொல்றீங்க, அந்தப் புள்ளைக்கு மட்டும் மூணு வாட்டி கேக்குது. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

நாற்காலி

தேர்வு முடிந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாயையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அறையில் இரண்டு வெள்ளைக்காரிகளாம். உட்காரச் சொன்னார்களாம், உட்கார்ந்தாளாம். ஏன் நர்ஸ் வேலைக்கு வருகிறாய் என்று கேட்டவுடன் வாய்க்கு வந்தது முழுக்கத் தமிழ். சட்டென்று எழுந்து நின்றிருக்கிறாள். இங்கிலீஷ் கொட்டியிருக்கிறது. மறுபடி உட்காரச் சொல்ல, உட்கார, மறுபடி வாயடைக்க, மறுபடி எழுந்து, கடைசிவரை நின்றே பதில் சொல்லியிருக்கிறாள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். நான் போட்ட சட்டம் அந்தப் பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதே. அவள் சிரித்தாள். எடம் கெடச்சிருச்சு சார் என்றாள். எப்படி என்று கேட்டேன். “வார்டுல நாள் பூரா நிக்கணும், ஒன்னால முடியுமான்னு அந்தப் பெரிய மேடம் கேட்டாங்க சார். இப்ப நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன் மேடம்னு சொன்னேன்.”

ஜன்னலோரம்

அவள் கோலாலம்பூர் போய் விமானம் ஏற வேண்டும். ஈப்போ ஸ்டேஷனுக்கு வகுப்பு முழுவதும் வந்திருந்தது. காலைப் பனியில் பிளாட்பாரமே மிதப்பது போலிருந்தது. எல்லோரும் பெரட்டு வரிசையில் நின்று, ஒவ்வொருவராக இங்கிலீஷில் வழியனுப்பினார்கள். அவளும் ரயில் வாசலில் நின்று இங்கிலீஷில் பதில் சொன்னாள். ஒரு தப்பில்லை. வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை, மற்றபடி நெஞ்சு வலித்தது.

விசில் ஊதியது. அவள் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். என்னைத் தேடிப் பார்த்தாள். அதுவரை ஒரு நாளும் ‘சார்’ போடாமல் என்னிடம் பேசாதவள், அப்போது அதைப் போடவில்லை. “ஒக்காந்துட்டேன், இனிமே தமிழ்தான் வரும். போய்ட்டு வாரேன், நீங்க ஒடம்பப் பாத்துக்குங்க.”

ஒரு சொல் முடிந்ததும் அடுத்த சொல்லை எப்படிக் கூட்டிவருவது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த நான், அந்த ரயில் நகர்ந்து முடியும்வரை, நேராக நின்றுகொண்டுதான் இருந்தேன், எந்தப் பாஷையிலும் ஒரு சொல் வரவில்லை.