பூஜைப் பலகையில் லேசர் கண்ணாடி

மட்டாஞ்சேரிக்கு வெளிச்சத்தைக் கொண்டுவந்ததே வெங்கிடாசலம்தான். சரி, இதில் கொஞ்சம் கூடுதல் இருக்கிறது. சூரியன் அவனுக்கு முன்பே வந்துவிட்டது. ஆனாலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் பல்கலைக்கழகத்தில் ஒளியியல் விரிவுரையாளராகச் சேர்ந்து, தன் கையாலேயே லேசர் கட்டியவன் அவன். அதன் உயிர் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. ஜெர்மனியிலிருந்து அது வந்து சேர்வதற்குள் அவன் தலை பாதி நரைத்துவிட்டது.

அன்றுமுதல் பயப்படுவதே அவனுக்கு உத்தியோகம். கொச்சி ஈரத்தில், கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மட்டும் உள்ள பூச்சில் பூஞ்சை பிடிக்கும். துடைத்தால் கீறல் விழும். கீறினால் லேசர் எரியாது. பூச்சு எந்தப் பக்கம் என்று காட்ட விளிம்பில் பென்சிலால் ஓர் அம்பு போட்டு, ஈரம் ஏறாமலிருக்க பல்பு எரியும் பெட்டிக்குள் வைத்திருந்தான்.

எண்பத்திரண்டில், நவராத்திரி விடுமுறைக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்று தெரிந்ததும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தான். விஜயதசமிக்கு மறுநாள் லேசரைச் சோதிக்க டில்லிக் குழு வருகிறது. லேசர் எரிந்தால் பேராசிரியர் பதவி. இல்லையென்றால் ஆய்வுக்கூடத்துக்கே பூட்டு.

புத்தகங்களைப் பூஜையில் வைக்கும் பூஜைவைப்பு அன்று குளித்துவிட்டு வந்தவன் பூஜைப் பலகையைப் பார்த்தான். புத்தகங்களின் மேல், பட்டுத்துணியில், அந்தக் கண்ணாடி. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அரிசி எடுக்கப்போன மனைவி காமாக்ஷி கண்டெடுத்திருக்கிறாள். சோறு போடுகிற பொருள் பூஜையில் இல்லாமலா?

பதறிக் கை நீட்டினான். அம்மா அனந்தலக்ஷ்மி தடுத்தாள்.

"தொடப்படாதுடா. விஜயதசமிக்குப் பூஜையெடுப்பு கழியட்டும். சரஸ்வதி கையிலேந்து பிடுங்குவியோ?"

பிடுங்கவில்லை. மறுநாள் முழுக்கப் பலகைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான், சாயாவுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. அந்தத் தூரத்திலிருந்து அம்பு தெரியாது. சந்தனம் காயக் காய அதன் ஒவ்வொரு துகளும் பூச்சைக் கடிப்பதுபோல் அவனுக்குப் பல் கூசியது. டில்லிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும், ஆய்வுக்கூடத்தின் கதவு சாத்தப்படுவதும் கண்முன் வந்து நின்றன.

விஜயதசமி காலையில் அதை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்தான். அம்பு கீழே பார்த்தது. சந்தனம் பின்பக்கத்தில், பூச்சு பட்டின்மேல் பத்திரம். மறுநாள் குழுவின் முன்னால் சிவப்புக் கோடு நீட்டி நிமிர்ந்து எரிந்தது. பேராசிரியர் வெங்கிடாசலம் ஆனான்.

அம்பாளே இறங்கிவந்து கண்ணாடியைப் புரட்டிவிட்டாள். அது பட்டில் தானாகப் புரண்டதை அனந்தலக்ஷ்மி தன் கண்ணால் பார்த்தாள்.

நான் இப்படிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்த காமாக்ஷி என்னை விடவில்லை:

"அம்பாளை எதுக்கு இழுக்கறேள் அக்கா? மாசக்கணக்கா இவர் உறக்கத்தில, 'அம்பு காட்டற பக்கம் தொடாதே, தொடாதே'ன்னு பினாத்திண்டு கிடந்தார். பின்னே எந்தப் பக்கம் பொட்டு வெப்பேனாம்?"