அவர் கையைக் கட்டிவைத்துவிட்டு நான் சொன்ன சாட்சி

போதகர் ஐயா, என் வீட்டுக்காரர் மோசஸுக்குச் சண்டை ஆவி பிடித்திருக்கிறது என்று சபை முன்னால் மைக்கில் சொன்னவர் நீங்கள். அது பொய். அதற்கு ஆமென் சொன்னவள் நான். பாதிப் பழி எனக்கு.

சகோதர சகோதரிகளே, நான் மந்தைவெளி எஸ்தர். என் வீட்டுக்காரர் வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவர். பகலில் என்னை வாடி என்றுகூடக் கூப்பிடமாட்டார். தூக்கத்தில் கத்துவார், குத்துவார், உதைப்பார். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் என் முன்பல் ஒன்று போனது. எழுப்பியதும் தெளிந்து, என் வாயில் ரத்தத்தைப் பார்த்து அழுதார்.

ஐயா வந்து எண்ணெய் பூசினார். இருபத்தோரு நாள் உபவாசம் இருக்கச் சொன்னார். இருந்தேன். அடி நிற்கவில்லை. கடைசி வாரம் என் வீட்டுக்காரரே இரண்டு கையையும் நீட்டி, கட்டிவிடு என்றார். பழைய சேலைத் துணியால் கட்டில் காலோடு கட்டினேன். அடி விழவில்லை. அந்த ஞாயிறு என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். விடுதலை கிடைத்தது என்றேன். கட்டினதைச் சொல்லவில்லை. அவர் முழுக்கைச் சட்டையில் மணிக்கட்டை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கைதட்டினீர்கள்.

வீட்டுக்கு வந்து ஜெபிக்க முட்டி போட்டேன். ஒரே ஒரு வரி சொன்னேன். ஆண்டவரே, இது என்னவென்று மட்டும் காட்டும்.

புதன்கிழமை காட்டினார். என் வீட்டுக்காரர் கோபாலபுரத்தில் ஒரு வீட்டில் சிலிண்டர் மாட்டி, குனிந்து முகர்ந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறார். கேட்டைத் தாண்டுவதற்குள் அந்த வீட்டு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாராம். சமையலறை முழுக்க கேஸ்.

"மூக்க வீட்லயே வச்சிட்டு வந்தியாப்பா?"

அந்த அம்மா அடுப்பைப் பற்ற வைக்காமல் தடுத்தது கர்த்தர்தான்.

அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார். "ரெண்டு வருசமா ஒரு வாசனையும் தெரில எஸ்தரு. உன் மீன் கொயம்பு கூட சுடுதண்ணி மாரி கீது. வேல பூடும்னு சொல்லல." அந்தக் குழம்பை ரெண்டு வருஷமாக நல்லா இருக்கு என்று சொல்லிச் சாப்பிட்டவர். எங்கள் வீட்டில் பொய் சொன்னது நான் மட்டும் இல்லை.

அரசு ஆஸ்பத்திரியில் மூக்கு டாக்டர், மூக்கில் கோளாறு இல்லை என்றார். தூக்கம் எப்படி என்று கேட்டார். நான் என் பல் போன இடத்தைக் காட்டினேன். நரம்பு டாக்டரிடம் அனுப்பினார்.

"கனவுல யாரோடப்பா சண்ட?"

"நாயோட சார். கடிக்க வருது, தள்றேன்."

"நாய் தப்பிச்சிடுச்சு. அம்மா மாட்டிக்கிட்டாங்க."

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தார்கள். கனவு காணும்போது உடம்பு பூட்டிக் கிடக்க வேண்டுமாம். இவருக்கு அந்தப் பூட்டு விட்டுப்போயிருக்கிறது. வாசனை போனதும் இதுவும் சேர்ந்தால், பின்னால் வரப்போகிற மூளை நரம்பு நோய்க்கு முன் அடையாளமாக இருக்கலாம் என்றார். கை நடுக்கம், நடை தளர்ச்சி, மறதி. அதெல்லாம் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே இந்த அடையாளம் தெரியுமாம். தோலிலும் முதுகுத்தண்டு நீரிலும் ஒரு புரதத்தைத் தேடும் சோதனைகள்கூட ஆராய்ச்சியில் இருக்கிறதாம். வந்தே தீரும் என்று அவர் சொல்லவில்லை. தடுக்க மருந்து இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

மாத்திரையில் உதைப்பது குறைந்திருக்கிறது. தரையில் தனித்தனிப் பாய். கையைக் கட்டுவதில்லை. வீடுகளுக்குப் போகிற வேலையை அவரே விட்டுவிட்டார், குடோனில் லோடு ஏற்றுகிறார். காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது அவர் விரலைப் பார்க்கிறேன். "இன்னா பாக்கற, இன்னும் ஆடல" என்கிறார். சிரிக்க முடியவில்லை.

சுகம் கேட்டேன், நோய் இன்னதென்று தெரிந்தது. அதற்கே ஸ்தோத்திரம் செலுத்துகிறேன். நீங்களும், காட்டும் என்று கேளுங்கள். காட்டினால் எழுந்து டாக்டரிடம் போங்கள்.

என் பொய்ச் சாட்சியைக் கேட்டு நம் ஸ்டெல்லா அதே எண்ணெயை வாங்கிப் போனாள். அவள் புருஷனும் தூக்கத்தில் அடிக்கிறவர். தண்ணி லாரி ஓட்டுகிறார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "உனக்கு விசுவாசம் பூட்ச்சிக்கா. பாஸ்டர் சொல்லட்டும், வரேன்" என்றாள். போன ஞாயிறு அந்த மனுஷன் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

சாட்சியைத் திருத்த மைக் கேட்டேன், தரவில்லை. அதனால்தான் சபை வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறேன். ஐயா, தனியாகக் கூப்பிட்டுப் பேசாதீர்கள், நான் வரமாட்டேன். வரும் ஞாயிறு அதே மைக்கில், ஸ்டெல்லாவும் அவள் புருஷனும் உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள். அவர் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா, கூடாதா?